சர்வர் படுத்தால்: லாக் பார்ப்பதா, சாமானை மாற்றுவதா, கழற்றிப் பரப்புவதா?

திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை என்றாலும் வள்ளியூர் என்றாலும், சர்வர் படுத்துவிட்டது என்று போன் வந்தால் வேலை பார்க்கிறவர்கள் மூன்று விதமாக இறங்குவார்கள். ஒருவர் லேப்டாப்பைச் சொருகி லாக், அதாவது சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவைப் பார்ப்பார். இன்னொருவர் கையோடு கொண்டுவந்த ராம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுவார். மூன்றாமவர் பெட்டியைக் கழற்றி மேசையில் பரப்பி, ஒரு பிராசசர், ஒரு ராம் என்று அடியிலிருந்து பூட்டிக்கொண்டு வருவார்.

சென்னையில் இதில் எதைச் செய்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்பேர் நினைத்த நேரத்துக்குக் கிடைக்கும். நமக்கு அப்படி இல்லை. சர்வர் ராம் வேண்டுமென்றால் 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரையில் விசாரிக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சல். தப்பான சாமானை வரவழைத்தால் ஒரு நாள் போச்சு. அதனால் என் ஓட்டு லாக்குக்குத்தான். ஆனால் அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது.

அந்த லாக்கை எழுதுவது டெல் என்றால் ஐடிராக், ஹெச்பி என்றால் ஐலோ, சூப்பர்மைக்ரோவில் ஐபிஎம்ஐ. பெயர்தான் வேறு. போர்டிலேயே தனியாக ஒரு சின்னக் கணினி உட்கார்ந்திருக்கிறது. சர்வரை அணைத்திருந்தாலும் பவர் கேபிள் சொருகியிருந்தால் போதும், அது விழித்திருக்கும். எந்த ஸ்லாட், எந்த ஃபேன், எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் பாதி சர்வர்களில் அந்த நெட்வொர்க் போர்ட்டில் கேபிளே இருக்காது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

‘டிம் ஏ3 (ஏ3 ஸ்லாட்டில் உள்ள ராம்), திருத்தக்கூடிய பிழை அளவு மீறியது’ என்று ஒரு வரி லாக்கில் கிடந்தால் அதன் மதிப்பே தனி. சர்வரில் இருப்பது ஈசிசி ராம். ஒரு பிட் தப்பினால் தானே திருத்திக்கொள்ளும்; இரண்டு பிட் தப்பினால் கண்டுபிடிக்கும், திருத்தாது, சர்வரே நின்றுவிடும். அதாவது சர்வர் விழுவதற்கு எத்தனையோ நாள் முன்பே லாக்கில் முனகல் ஆரம்பித்திருக்கும். பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு ‘பாஸ்’ என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: பிழையை ஈசிசி திருத்திவிட்டால் மெம்டெஸ்ட் கண்ணில் படாமலே போகலாம். கூகுளின் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 8 சதவீதத்துக்கும் மேலான ராம்களில் இப்படித் திருத்தப்பட்ட பிழை பதிவாகியிருந்தது. அபூர்வமான சமாச்சாரம் இல்லை.

வெப்பமும் அப்படித்தான். ஏசி, குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும், சர்வருக்குள் போகிற காற்றின் வெப்பம் 18 முதல் 27 டிகிரி. இங்கே மே மாதத்தில், கடை சாத்தும்போது சர்வர் ரூம் ஏசியையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. லாக்கில் வெப்ப எச்சரிக்கை எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் வரிசையாக நிற்கும். ஃபேனை மாற்றி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, என்னத்தை மாற்றினாலும் அது பிடிபடாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அவகாசம் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். ரைஸ் மில் முதலாளி வந்து நிற்பார்: “தம்பி, லாக்கு கீக்குன்னு என்னத்தயோ பாத்துக்கிட்டு இருக்கீய. சாமானை மாத்துங்க, வெளிய லாரி நிக்குல்லா.” அவர் கோபம் நியாயமானது. மாற்றிப் பார்ப்பதில் ஒரு வேகம் இருக்கிறது. ஆனால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த ஒரு கம்பெனியின் ஆள் வந்து ராம், எஸ்எம்பிஎஸ், ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் அட்டை) மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ‘ரெடி சார்’ என்று போனதைப் பார்த்திருக்கிறேன். சர்வர் ஓடியது. எது கெட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, பில் கட்டியவருக்கும் தெரியாது.

ஸ்பேரே இல்லாமல் மாற்றிப் பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் தோது. ஏ3 ராமையும் பி3 ராமையும் இடம் மாற்றிப் போட்டு, லாக்கைத் துடைத்துவிட்டு ஓடவிட வேண்டும். பிழை பி3க்குப் போனால் ராம் கெட்டது. ஏ3யிலேயே நின்றால் ஸ்லாட், போர்டு அல்லது பிராசசர் பின். இரட்டை எஸ்எம்பிஎஸ் உள்ள சர்வரிலும், ஒவ்வொன்றாகக் கழற்றி இப்படியே செய்யலாம்.

ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ஆரஞ்சு விளக்கு எரிகிற டிஸ்க்கை விட்டுவிட்டு பக்கத்து டிஸ்க்கை உருவினால் வால்யூமே படுத்துவிடும். கன்ட்ரோலரிலிருந்து விளக்கைச் சிமிட்டவைத்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டெல்லின் ரெய்டு கார்டான பெர்க்கில் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று வந்தால் இம்போர்ட் (டிஸ்க்கில் இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்), கிளியர் (அதை அழித்துவிடு) என்று இரண்டு வழி காட்டும். பதற்றத்தில் கிளியர் அழுத்தியவர்கள் அதன்பின் பேக்கப் தேடி அலைந்திருக்கிறார்கள். டிஸ்க் விஷயத்தில் லாக்கையும் முழுசாக நம்பக்கூடாது. கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. லாக் சுத்தமாக இருப்பதை வைத்து டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

லாக் திணறுகிற இன்னொரு இடம் கரண்ட். ‘பவர் சப்ளை 2, இன்புட் இல்லை’ என்று எழுதும். அது எஸ்எம்பிஎஸ்ஸா, கேபிளா, யூபிஎஸ்ஸா, ஈபி லைனா என்று அதற்குத் தெரியாது. அங்கே மல்டிமீட்டர்தான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சர்வரை விட்டுவிட்டு எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகிவிட்டு இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்வதும் இங்கே சகஜம்.

கழற்றிப் பரப்புவது கடைசி வழி. அரை நாள் தின்னும். பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தால் போர்டே போகும். திரையில் எதுவுமே வராமல், லாக்கும் எட்டாமல் இருந்தால்தான் அதற்குப் போவேன். விதிவிலக்கு ஒன்று: 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் புகுந்தபோது தரைத்தளத்தில் நனைந்த மாதிரியான பெட்டிகள். அவற்றில் லாக் பார்க்கவே கரண்ட் கொடுக்கக்கூடாது. பிரித்து, சேறு கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் எதுவும்.

இவ்வளவும் நிஜ சர்வருக்கு. திருநெல்வேலியில் ‘சர்வர்’ என்று காட்டப்படுவதில் பாதி, சாதாரண டெஸ்க்டாப் போர்டில் அசெம்பிள் செய்த பெட்டி. அதில் ஐடிராக்கும் இல்லை, ஈசிசியும் இல்லை. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ‘வீயா லாகர்’ வரி ஏதாவது இருந்தால் ஹார்டுவேர் கோளாறு என்று ஒரு துப்பு, அவ்வளவுதான். அங்கே மில் முதலாளி சொல்வதுதான் சரி. அந்த ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஊருக்குள்ளேயே கம்ப்யூட்டர் கடையில் அன்றைக்கே கிடைக்கும். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், அப்புறம் ராமை. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான்.