பள்ளி மைக்செட்டுக்கு டான்டே ஏவியோ: வாங்கலாமா?

ஒரே வளாகத்தில் மூன்று நான்கு கட்டடங்கள், ஒரே மைக்கிலிருந்து எல்லாவற்றுக்கும் அறிவிப்பு போக வேண்டும், எந்தக் கட்டடத்தில் போய் நின்றாலும் இரைச்சல் இல்லாமல் கேட்க வேண்டும். உங்கள் தேவை இதுதான் என்றால் ஆடினேட் நிறுவனத்தின் டான்டே ஏவியோ அடாப்டரைத் தைரியமாக வாங்கலாம். டான்டே என்பது ஒலியை டிஜிட்டலாக நெட்வொர்க் வழியே அனுப்பும் முறை, ஏவியோ அதற்கான சின்னப் பெட்டி. வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) என்ன மாடல், அதில் என்னென்ன மாற்ற முடியும் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இந்த விமர்சனத்தில் பாதி அந்த ஸ்விட்சைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் ஏவியோ உழைப்பதும் மக்கர் செய்வதும் அதைப் பொறுத்துத்தான்.

நான் ஒலியையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் முன்பு இருந்தது எல்லா ஊரிலும் இருக்கும் ஏற்பாடுதான். அலுவலக அறையில் பெரிய அஹுஜா ஆம்ப் ஒன்று, அதிலிருந்து 100 வோல்ட் லைன், அதாவது ஒலியை உயர் வோல்டேஜில் ஸ்பீக்கர்களுக்குக் கொண்டுபோகும் வயர், எல்லா பிளாக்குக்கும் வேப்பமரத்து மேலேயும் கூரை ஓரத்திலும் ஓடும். 100 வோல்ட் லைனைக் குறை சொல்ல மாட்டேன், நீண்ட தூரத்துக்கு நிறைய ஸ்பீக்கர் மாட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பத்து இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய வயர், மழை, அணில் எல்லாம் சேர்ந்தால் எங்கோ ஒரு மூலையில் ஷார்ட் ஆகி மொத்தப் பள்ளியும் ஊமையாகிவிடும், எந்த மூலை என்று ஏணியோடு அலைய வேண்டும். பிளாக்குக்கு ஓர் ஆம்ப் வைத்து, மிக்சரிலிருந்து லைன் லெவலில் (ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய சிறிய சிக்னல்) கேபிள் இழுத்தும் பார்த்தோம். கட்டடத்துக்குக் கட்டடம் எர்த் வேறு என்பதால் ஸ்பீக்கரில் நாள் முழுக்க 'உம்ம்ம்' என்று ஹம்.

ஏவியோ இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒலியை மிக்சரிலேயே டிஜிட்டலாக மாற்றி, கட்டடங்களுக்கு நடுவில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஃபைபரில் அனுப்பி, அந்தந்த பிளாக்கில் ஆம்புக்குப் பக்கத்திலேயே திரும்ப அனலாக் ஆக்கிக் கொடுக்கிறது. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் போகாது, அதனால் இரண்டு கட்டடத்து எர்த்தும் சந்திக்கவே வழியில்லை. ஹம் அன்றோடு போயிற்று. இடி மின்னல் காலத்திலும் நிம்மதி. காப்பர் கேபிளைக் கட்டடத்துக்குக் கட்டடம் இழுக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன், அதற்கு 100 மீட்டர் வரம்பு இருக்கிறது என்பது தனி.

பொருளைப் பற்றி. கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் ஜாக், மறுபக்கம் குட்டியாக ஒரு கேபிள், அதன் நுனியில் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று முள் இணைப்பு). பவர் அடாப்டர் கிடையாது, பட்டன் கிடையாது, திரை கிடையாது. பிஓஈ ஸ்விட்சிலிருந்து கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, பிஓஈ இல்லாத ஸ்விட்ச் என்றால் கேபிளில் மின்சாரம் ஏற்றும் இன்ஜெக்டர் வாங்கியாக வேண்டும். உள்ளே ஒலி வாங்குவதற்கு ஒரு வகை, வெளியே கொடுப்பதற்கு ஒரு வகை, இரண்டிலும் ஒரு சேனல், இரண்டு சேனல் என்று இருக்கின்றன. கம்ப்யூட்டரில் மாட்ட யூஎஸ்பி வகையும் உண்டு, டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை, சாதாரண சவுண்ட் கார்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஒன்றை மறக்க வேண்டாம்: அனலாக் இன்புட் அடாப்டர் லைன் லெவலுக்கு மட்டும்தான். மைக்கை நேராகச் செருகினால் சரியாகக் கேட்காது, நடுவில் மிக்சர் கட்டாயம்.

இணைப்பைக் கொடுக்க டான்டே கன்ட்ரோலர் என்ற இலவச மென்பொருள். கட்டம் போட்ட பலகை திறக்கும், அனுப்புபவை மேலே, வாங்குபவை இடப்பக்கம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தைச் சொடுக்கினால் பச்சை டிக் வரும், ஒலி போய்விடும். அங்கேயே ஒவ்வோர் அடாப்டரின் சிக்னல் அளவையும் தேர்ந்தெடுக்கலாம். ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுப்பதானால் குறைந்த அளவான மைனஸ் 10 டிபிவி வைத்துத் தொடங்குங்கள், அதைவிட உயர்ந்த ப்ளஸ் 4 டிபியு வைத்தால் ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் திருப்பும்போதே கரகரப்பு வந்துவிடும். பெயர் வைப்பதை முதலிலேயே முடித்துவிடுங்கள். இங்கே இணைப்பு என்பது பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, அனுப்பும் கருவியின் பெயரைப் பிறகு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். ஆங்கில எழுத்து, எண், நடுவில் கோடு, இவ்வளவுதான் பெயரில் அனுமதி. ஆபீஸ், மெயின் பிளாக், கிரவுண்டு என்று பார்த்தவுடன் புரிகிற மாதிரி வையுங்கள், நாளைக்கு வேறொருவர் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ஸ்விட்சுக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் பல ஸ்விட்சுகளில் மின்சாரம் மிச்சப்படுத்த 'கிரீன் ஈதர்நெட்' அல்லது எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்று ஒன்று இருக்கும். டான்டேவுக்கு அது ஆகாது. எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடியாக வேண்டும், ஸ்விட்ச் நடுநடுவே கண்ணயர்ந்தால் அந்தத் துடிப்பு பிசகி, ஒலி விட்டு விட்டு வரும், சில சமயம் 'டிக் டிக்' என்று கேட்கும். அதை அணைக்க முடியாத மலிவு ஸ்விட்ச் என்றால் கழற்றி வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வளாகத்தில் கேபிள் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் இப்படியொன்றை ஒரு பிளாக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார், அந்த ஒரு பிளாக்கில் மட்டும் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து வெட்டி வெட்டி ஒலித்தது. ஸ்விட்சை மாற்றியதும் சரியாகிவிட்டது, ஏவியோவைத் தொடவே இல்லை.

அடுத்தது, கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம். ஏவியோ அடாப்டர் ஒரு திசையில் இரண்டு ஃப்ளோவுக்கு (ஒலி ஓட்டத்துக்கு) மேல் கையாளாது. வாங்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பிரதி அனுப்புவதுதான் இயல்பான அமைப்பு, அதனால் ஒரு மிக்சரிலிருந்து இரண்டு பிளாக் வரை பச்சை டிக் வரும், மூன்றாவதைச் சொடுக்கினால் இடம் இல்லை என்று பிழை காட்டும். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள். டான்டே கன்ட்ரோலரில் அந்தச் சேனலுக்கு மல்டிகாஸ்ட் ஃப்ளோ உருவாக்கிவிட்டால் போதும், ஒரே பிரதியை எத்தனை பிளாக் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மல்டிகாஸ்ட் வந்துவிட்டால் ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அந்த ஒலியை அனுப்பும் வசதி) கண்டிப்பாக ஓட வேண்டும், அதோடு வளாகத்தில் ஏதாவது ஒரு ஸ்விட்ச் க்வெரியராக, அதாவது யாருக்கு எது வேண்டும் என்று அவ்வப்போது கேட்பதாக, இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலிப் பொட்டலங்கள் கேமரா, வைஃபை என்று எல்லாப் போர்ட்டுக்கும் போய்க் கொட்டும், கம்ப்யூட்டர் லேப் ஆசிரியர் உங்களைத் தேடி வருவார். முடிந்தால் ஒலிக்கென்று தனி விலேன் (அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒதுக்குங்கள், எல்லா அடாப்டரும் அதே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுப்பில்) இருக்கட்டும். வைஃபையில் ஒலியை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள், கூடாது, முழுக்க வயரில்தான்.

இதையெல்லாம் ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது, இணைப்பு விவரம் வாங்கும் அடாப்டருக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரைத் திறந்து எதையும் சொடுக்க வேண்டாம், ஸ்விட்ச் எழுந்ததும் ஒலி தானாக வந்துவிடும். ஸ்விட்ச் எழுவதற்கே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும் என்பதால் ஒவ்வொரு பிளாக் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் வைப்பது நல்லது. அவசர அறிவிப்புக்கு இதையே நம்பியிருந்தால் அது கட்டாயம், ஆம்புக்கும் சேர்த்து.

ஒலித் தரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், கேட்டால் சுத்தமாக இருக்கிறது. முன்பெல்லாம் குறள் சொல்லும் பிள்ளை எவ்வளவு அழகாக ழகரம் சொன்னாலும் கடைசி வகுப்பறைக்குப் போகும்போது ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். இப்போது பிரித்துக் கேட்க முடிகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே செலவு செய்தது தகும் என்று நினைக்கிறேன்.

நெட்வொர்க்கில் ஆகும் தாமதம் ஒரு மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் வைத்திருக்கிறேன். காற்றில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும் நேரம் அது, யார் காதுக்கும் தெரியாது. மைதானத்தில் இரட்டையாகக் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் நெட்வொர்க் இல்லை, 100 மீட்டர் தள்ளி இருக்கும் குழாய் ஸ்பீக்கரின் ஒலி உங்கள் காதுக்கு வர 0.3 செகண்ட் ஆகிறது என்பதுதான். ஏவியோவில் இதற்கான டிலே (ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தும்) வசதி கிடையாது, டிஜிட்டல் மிக்சரிலோ ஆம்பிலோதான் வைக்க வேண்டும்.

இதில் இல்லாதவற்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மணி அடிக்கும் நேர அட்டவணை இதில் இல்லை, யூஎஸ்பி அடாப்டர் மாட்டிய கம்ப்யூட்டரிலிருந்துதான் மணி ஒலியை ஓட்ட வேண்டும். இன்டர்காம் போனை எடுத்து எண்ணை அழுத்தி அறிவிப்பு சொல்லவும் முடியாது. அந்த வசதிதான் முக்கியம் என்றால் எஸ்ஐபி (நெட்வொர்க் வழி டெலிபோன் முறை) பேசும் பேஜிங் அடாப்டர் பக்கம் போங்கள், அல்கோ 8301 போன்றவற்றில் அட்டவணையும் உள்ளேயே இருக்கிறது. ஒரே கட்டடம், பத்துப் பதினைந்து ஸ்பீக்கர் என்றால் இரண்டுமே வேண்டாம், பழைய 100 வோல்ட் லைனையே நல்ல வயர் போட்டு, முறுக்கிய இடங்களில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்துச் சீர்செய்யுங்கள், பணம் மிச்சம்.