தேடிப் போன மேய்ப்பன், ஓடி வந்த தகப்பன்

பைபிளில் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன மூன்று உவமைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்: காணாமல் போன ஆடு, வீட்டை விட்டுப் போன இளைய மகன்.

வழிதவறிய ஆட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாது. அதனால் மேய்ப்பன் 99 ஆடுகளை விட்டுவிட்டு, அந்த ஒன்று கிடைக்கும்வரை தேடுகிறான். கிடைத்ததும் அடிக்கவில்லை, சந்தோஷமாகத் தோளில் போட்டுக்கொள்கிறான்.

மகன் கதை வேறு. அவன் தெரிந்தே போனவன். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சொத்தில் பங்கு கேட்டவன். இங்கே தகப்பன் தேடிப் போகவில்லை. ஆனால் மகன் தூரத்தில் வரும்போதே கண்டுகொள்கிறார் என்றால், எத்தனை நாள் அந்தப் பாதையையே பார்த்திருப்பார்! ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். சொத்தையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இடத்திலேயே மகன் யோசித்து வைத்த 'கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்' என்ற வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் அங்கி, மோதிரம், செருப்பு எல்லாம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

திக்குத் தெரியாமல் தவிப்பவருக்கு ஆட்டின் கதையைச் சொல்வேன். வெட்கப்பட்டு ஆலய வாசலில் தயங்கி நிற்பவருக்கு மகனின் கதை. என் மனதுக்கு நெருக்கம் இரண்டாவதுதான். அப்புறம், அந்தத் தகப்பனும் ஒருமுறை வெளியே போகிறார், தம்பிக்குக் கிடைத்த வரவேற்பால் கோபப்பட்டு உள்ளே வர மறுத்த மூத்த மகனை வருந்தி அழைக்க.