பழைய லேப்டாப் திரைக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மதர்போர்டு போய்விட்ட ஒரு 15.6 அங்குல லேப்டாப்பின் திரையைக் கழற்றி, கன்ட்ரோலர் போர்டு வாங்கி மாட்டி, ஆறு மாதமாக இரண்டாவது மானிட்டராக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ரொம்பத் திருப்தி. ஆனால் முதலில் வந்த போர்டைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

பலரும் லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ துளையிலேயே கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டுப் படம் வரவில்லை என்கிறார்கள். அது படத்தை வெளியே அனுப்பத்தான், உள்ளே வாங்காது. அதனால்தான் இந்த போர்டு தேவைப்படுகிறது. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ வாங்கி, மறுபக்கம் பேனலுக்கு, அதாவது கழற்றிய திரைக்கு, புரியும் சிக்னலாக மாற்றிக் கொடுக்கும், திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கும் மின்சாரம் தரும்.

ஆர்டர் செய்யும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலிலேயே வேறு வேறு பேனல் போட்டிருப்பார்கள். திரையைக் கழற்றி, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பேனல் எண்ணைப் பாருங்கள். என்னுடையது எல்ஜியின் எல்பி156டபிள்யூஎஃப்6. 156 என்றால் 15.6 அங்குலம், டபிள்யூஎஃப் என்றால் 1920x1080. அந்த இடத்தில் டபிள்யூஹெச் என்று இருந்தால் 1366x768. அப்புறம் கனெக்டர். பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் சிக்னலில் எல்விடிஎஸ், ஈடிபி என்று இரண்டு வகை: பழைய பேனல்களில் பெரும்பாலும் 40 பின் எல்விடிஎஸ், பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் 30 பின் ஈடிபி. ஒன்றுக்கு வாங்கிய போர்டு மற்றதற்கு உதவாது. ஈடிபியிலும் 40 பின் இருக்கிறது, ஆகவே பின்னை எண்ணி மட்டும் முடிவு செய்யாமல் பேனல் எண்ணைத் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான் எண்ணைச் சரியாகத்தான் எழுதி அனுப்பினேன். விற்பவர் 1366x768 பேனலுக்கான ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் மென்பொருள்) ஏற்றிய போர்டை அனுப்பிவிட்டார். பேக்லைட் எரிந்தது, படம் மட்டும் கோடு கோடாகச் சிதறி வந்தது. பேனல்தான் போய்விட்டது என்று நினைத்து அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனாலும் போர்டை பேக் செய்வதற்கு முன்பே அந்த எண்ணை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இரண்டாவது போர்டு மாட்டியதும் படம் வந்தது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போதும். கேபிளை மாட்டும்போது மட்டும் அவசரம் கூடாது. கனெக்டர் ஒரு பின் தள்ளி உட்கார்ந்தாலும், பேக்லைட்டுக்குப் போக வேண்டிய மின்சாரம் சிக்னல் பின்னில் பாய்ந்து பேனலையே எரித்துவிடும். நேராக அழுத்தி, மேலே டேப் ஒட்டி, அதன் பிறகுதான் அடாப்டரைச் செருக வேண்டும்.

சட்டத்துக்காக நான் எதுவும் வாங்கவில்லை. லேப்டாப்பின் மேல்மூடியிலேயே பேனலைத் திரும்ப வைத்து, முன் சட்டத்தையும் பூட்டி, போர்டைப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்பேசரில் நிறுத்தினேன். மூடி உலோகம் என்றால் ஸ்பேசர் கட்டாயம், போர்டின் அடிப்பக்க சால்டர் அதில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

படம் எப்படி? இந்த அளவில் 1920x1080 என்றால் அங்குலத்துக்கு 141 பிக்சல், எழுத்து அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. ஐபிஎஸ் வகை பேனல் என்பதால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. குறை என்றால் போர்டுடன் வரும் ஐந்து பட்டன் பலகைதான். வெளிச்சத்தைக் குறைக்க மெனுவுக்குள் மூன்று படி இறங்க வேண்டும், ரொம்பக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கிறது. நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

உங்களிடம் இருப்பது பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறும் டிஎன் வகை 1366x768 பேனல் என்றால் இதற்குப் பணம் போட வேண்டாம் என்பேன், கேமரா காட்சி பார்க்கவோ சின்ன சர்வருக்கோ வேண்டுமானால் சரி. எல்இடிக்கு முந்தைய சிசிஎஃப்எல் (மெல்லிய குழல் விளக்கு) பேக்லைட் பேனல் என்றால் அந்த விளக்கை எரிய வைக்கத் தனியாக இன்வெர்ட்டர் என்ற சின்ன போர்டு வேண்டும், அதில் வருவது நூற்றுக்கணக்கான வோல்ட். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.