பழைய வின்செஸ்டர் லீவர் ஆக்‌ஷன் ரைபிள் விக்கிறோம் எண்டு கொழும்பில திரியிற புரோக்கர், கவனம்

"துரைமார் காலத்துச் சாமான், நுவரெலியா பங்களாவில இருந்து வந்தது, வின்செஸ்டர் 94" (வின்செஸ்டர் எண்ட அமெரிக்கக் கொம்பனி செய்தது, விசைக்குக் கீழ இருக்கிற லீவரை ஆட்டித் தோட்டா ஏத்திற ரைபிள்) எண்டு சொல்லி ஆராவது உங்களிட்ட வந்தா அட்வான்ஸ் மட்டும் குடுத்திடாதீங்கோ. எங்கட அத்தான்ர 50,000 ரூபா இப்பிடித்தான் போச்சு. ஆள்ர பேரைப் போட்டுப் பிரயோசனமில்லை, எங்களுக்கு ஒரு பேர் சொன்னார், வேற ஒருத்தருக்கு இன்னொரு பேர் சொல்லியிருக்கிறார்.

அத்தானுக்குப் புத்தளம் பக்கம் தென்னந்தோட்டம், காட்டுப்பண்டித் தொல்லை, லைசன்ஸோட ஷாட்கன் ஒண்டு வச்சிருக்கிறார். புரோக்கர் வெள்ளவத்தைக்கு வீட்டுக்கே வந்து, ஐயா உங்கட லைசன்ஸிலயே இதையும் ஏத்தலாம், அமைச்சில என்ர ஆள் இருக்கிறான், நீங்க அலையத் தேவையில்லை எண்டு அப்பிடி ஒரு கதை. முதல் பொய் அதுதான். லைசன்ஸ் எண்டது ஆளுக்கு மட்டும் குடுக்கிறதில்லை, குறிப்பிட்ட துவக்குக்கு அதின்ர நம்பரோட குடுக்கிறது, ஷாட்கன் லைசன்ஸைக் காட்டி ரைபிள் வச்சிருக்கேலாது. 1916இல வந்த 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் இண்டைக்கும் இருக்கு, லைசன்ஸ் இல்லாமப் பிடிபட்டா உள்ளதான். போதாததுக்கு 2024 கடைசியில, தற்பாதுகாப்புக்கெண்டு குடுத்த துவக்குகளையே திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு கூப்பிட்டது. இவ்வளவு இறுக்கத்துக்குள்ள இவருக்கு உள்ள ஆளாம்!

காசு கை மாறினாப் பிறகுதான் சாமானைக் காட்டினார், தெமட்டகொடப் பக்கம் ஒரு வீட்டில. நானும் போனன். பாக்கேக்க வடிவுதான், பொலிஷ் மினுமினுங்குது. கனடாவில எங்கட சித்தப்பா லைசன்ஸ் எடுத்து மார்லின் லீவர் ரைபிளால மான் வேட்டைக்குப் போறவர், அவருக்கு போட்டோ எடுத்து அனுப்பினன், எல்லாப் பக்கத்தாலயும், அடிப்பக்கத்தாலயும்.

சித்தப்பா பாத்த உடன கேட்டது, சுத்தியலுக்கு (விசையை இழுத்தா வந்து அடிச்சுத் தோட்டாவை வெடிக்க வைக்கிற பாகம்) முன்னால குறுக்க ஒரு வட்டப் பட்டன் தெரியுதே, அது என்னடா எண்டு. அது சேஃப்டி, தவறுதலா வெடிக்காமத் தடுக்கிறது. வின்செஸ்டர் 94க்கு அந்தப் பட்டன் வந்தது 1992இல, அதுக்கு முந்தி செய்ததில கிடையாது, சுத்தியலைப் பாதியில இழுத்து நிப்பாட்டுறது மட்டும்தான். புரோக்கர் சொன்னது 1950 மொடல், அதுவும் 64க்கு முந்தினது எண்டு அழுத்தி அழுத்திச் சொன்னவர், ஏனெண்டா 1964இல கொம்பனி செலவைக் குறைக்கப் பாகங்களை மாத்திச் செய்யத் தொடங்கினாப் பிறகு பழசுக்குத்தான் விலை கூட. அந்தாள் எங்கயோ கேட்டுப் பாடமாக்கி வச்சிருக்கிறார், ஆனா பட்டனை மறந்திட்டார்.

அடுத்தது நம்பர். அவர் காட்டின லைசன்ஸ் கொப்பி நாலஞ்சு வருசத்துக்கு முதல் செத்துப்போன ஒரு தோட்டத்துத் துரையின்ர, அதில 18 லட்சத்துச் சொச்சம். அதே நம்பர் துவக்கின்ர அடியில அடிச்சிருக்கு, ஆனா ஒவ்வொரு இலக்கமும் ஒவ்வொரு உயரத்தில, சுத்திவர அரத்தால தேச்ச அடையாளம். செத்தவரின்ர லைசன்ஸே ஆருக்கும் செல்லாது, அந்த நம்பரை வேற துவக்கில அடிச்சா அது என்ன சாமான் எண்டு நீங்களே யோசியுங்கோ. 1992க்குப் பிறகு செய்த ரைபிள் எந்த வழியால இந்த நாட்டுக்குள்ள வந்தது, ஆர் வச்சிருந்தது, எதுக்குப் பாவிச்சது? உண்மையில எனக்கு வேர்த்ததே இந்த இடத்திலதான், 50,000 பெரிசில்லை.

தோட்டாக் கதை இன்னும் மோசம். "இதுவும் போகும்" எண்டு நுனி கூரான தோட்டா கொஞ்சம் ஒரு சொப்பிங் பையில போட்டுத் தந்தார். அந்த ரைபிளுக்கு .30-30 தோட்டாதான், இது வேற ஏதோ. அதோட இந்த மாதிரி ரைபிளில தோட்டா குழலுக்கு அடியில இருக்கிற குழாய்க்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரிசையா நிக்கும், பின்னால நிக்கிறதின்ர கூர் முன்னுக்கு நிக்கிறதின்ர பொட்டில (அடிபட்டா தீப்பிடிக்கிற, தோட்டாவின்ர பின்பக்கத்து நடு) முட்டும், சுடேக்க வாற உதைப்பில உள்ளுக்கயே வெடிக்கலாம். அதுக்காகத்தான் நுனி தட்டையா வாற தோட்டா போடுறது. இதுகூடத் தெரியாதவன் விக்கிறான், வாங்கிறவன்ர கை போனா ஆர் பொறுப்பு.

நாங்க சாமானைத் தொடாம அங்கயே வச்சிட்டு, தோட்டாவையும் வச்சிட்டு, காசைத் திருப்பிக் கேட்டம். ஓமோம் திங்கள் தாறன் எண்டார். திங்கள் போன் ஓஃப், பிறகு வட்ஸப்பில புளொக். பொலிஸுக்குப் போவம் எண்டா அத்தான் பயப்பிடுறார், என்னத்துக்கு அட்வான்ஸ் குடுத்தனி எண்டுதானே முதல் கேப்பாங்கள், அந்தப் பயத்தை நம்பித்தான் இவங்கள் தொழில் நடத்திறாங்கள். தெரிஞ்ச லோயர் ஒருத்தர் எழுத்தில முறைப்பாடு குடுக்கச் சொல்றார், அத்தானைச் சம்மதிக்க வச்சிட்டன் எண்டுதான் நினைக்கிறன்.

சாமான் இன்னும் அவரிட்டத்தான், வேற ஆருக்கும் காட்டுவார். அடையாளம் சொல்றன்: மரக்கட்டை இரும்போட சேருற இடத்தில விரல் நீளத்துக்கு வெடிப்பு, அதுக்கு மேல பித்தளை ஆணி ரெண்டு, வலப்பக்க எழுத்து பொலிஷில பாதி அழிஞ்சு போயிருக்கு. கண்டா வீட்டுக்குள்ள எடுக்காதீங்கோ, எனக்கு இன்பொக்ஸில ஒரு மெசேஜ் போடுங்கோ, முறைப்பாட்டில சேத்துவிடுறன்.