லாப்ஸ்டர் ரோல்: சூடான வெண்ணெயா, குளிர்ந்த மயோனைஸா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையோரம் கோடையில் பயணம் போனால், லாப்ஸ்டர் (பெரிய கொடுக்குள்ள சிங்கி இறால்) சதையைப் பன்னில் வைத்துத் தரும் லாப்ஸ்டர் ரோல் விற்கும் கடைகளுக்குக் குறைவே இல்லை. பலகையில் பெயர் ஒன்றுதான், தட்டில் வருவது வேறு வேறு. கனெக்டிகட்டில் உருக்கிய வெண்ணெயில் புரட்டிய சூடான சதையைப் பன்னில் வைத்துத் தருவார்கள். மெய்ன் மாநிலத்தில் அதே சதை குளிர்ந்து, கொஞ்சம் மயோனைஸ் சேர்ந்து வரும். சூடான வகை 1920களில் கனெக்டிகட்டின் மில்ஃபோர்டு நகரில் இருந்த பெர்ரிஸ் உணவகத்தில் பிறந்தது என்று சொல்வார்கள்.

என் ஓட்டு வெண்ணெய்க்கு. வெண்ணெய் எதையும் மூடி மறைக்காது. மயோனைஸும் செலரியும் போட்டுப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், சதை இன்று உரித்ததா, முந்தாநாள் உரித்ததா என்று நாக்குக்குத் தெரிவது கடினம். சூடேறிய வெண்ணெயில் பழைய சதை ஒரு வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் முன்பின் தெரியாத கடையில் சூடானதைக் கேட்பதுதான் பாதுகாப்பு. கனெக்டிகட்டின் நோவாங்கில் உள்ள அபட்ஸ் இந்த வகைக்குப் பேர்போனது. அங்கே நீளமான பன்னுக்குப் பதில் வட்டப் பன்.

மெய்ன் பாணியைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல கடைகளில் மயோனைஸ் பூசினாற்போல இருக்குமே தவிர, சதை அதில் மிதக்காது. விஸ்காசெட்டில் உள்ள ரெட்ஸ் ஈட்ஸ் இன்னும் ஒரு படி மேல்: பன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சதையைக் குவித்து, வெண்ணெயையும் மயோனைஸையும் தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள். வரிசை நீளம்தான், ஆனால் இரண்டையும் ஒரே ரோலில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. வெயில் கொளுத்தும் மதியத்தில் குளிர்ந்த ரோல் தரும் சுகம் வெண்ணெயில் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்தப் பாணியானாலும் பாதி ருசி பன்னில் இருக்கிறது. நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் இந்த வடகிழக்குப் பகுதியின் பன்னை மேல்பக்கமாகத்தான் கீறியிருப்பார்கள். இரண்டு பக்கமும் மேல்தோல் இல்லாமல் வெள்ளையாக, தட்டையாக இருக்கும். அந்தப் பக்கங்களில் வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டால் வெளியே பொன்னிறமாக மொறுமொறுக்கும், உள்ளே பஞ்சாக இருக்கும். இது கிடைக்காத ஊரில் சாதாரண ஹாட் டாக் பன்னின் பக்கவாட்டுத் தோலைக் கத்தியால் மெல்லிதாகச் சீவிவிட்டு வாட்டலாம். பிரியோஷ் பன் மட்டும் வேண்டாம். லாப்ஸ்டரே இனிப்பு, அதன்மேல் இனிப்புப் பன் எதற்கு?

வீட்டில் செய்ய ஒரு ரோலுக்கு ஒரு லாப்ஸ்டர், 550 கிராம் அளவில், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஓடு மாற்றிய லாப்ஸ்டரில் சதை இனிக்கும், ஆனால் ஓட்டுக்குள் தண்ணீர் அதிகம், சதை குறைவு. கெட்டி ஓட்டில் சதை நிறைவாக இருக்கும். நன்றாக உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைத்து, கொடுக்குச் சதையை முழுதாகவும் வால் சதையை நரம்பு நீக்கித் துண்டுகளாகவும் எடுங்கள். கொடுக்குக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கணுக்களின் சதையை விட்டுவிடாதீர்கள், மிருதுவான பகுதி அதுதான். உள்ளே இருக்கும் பச்சை நிறக் குழம்பைத் தவிர்க்கும்படி மெய்ன் சுகாதாரத் துறையே சொல்கிறது.

வெண்ணெய் ரோலுக்கு ஓரிரு நிமிடம் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும், மீதி வேக்காடு வெண்ணெயில் நடக்கும். அடுப்பு சிறு தீயில் இருக்கட்டும். வெண்ணெய் கொதித்தால் சதை ரப்பராகிவிடும். மயோனைஸ் ரோலுக்கோ முழுதாக வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகே கலக்க வேண்டும். ஈரம் இருந்தால் மயோனைஸ் நீர்த்துப் பன் நனைந்துவிடும். ஒரு லாப்ஸ்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும், சில சொட்டு எலுமிச்சை.

நம் கடலில் பிடிபடும் சிங்கி இறாலுக்கு அந்தப் பெரிய கொடுக்குகள் கிடையாது. சதை முழுக்க வாலில்தான், அதுவும் சற்று இறுக்கமாக இருக்கும். அதில் ரோல் செய்வதானால் சிறு துண்டுகளாக நறுக்கி வெண்ணெயில் புரட்டுங்கள். மயோனைஸில் குளிர்ந்தால் அந்த இறுக்கம் இன்னும் கூடித் தெரியும்.