எங்கள் வீட்டை எங்களைக் கேட்காமலே வாடகைக்குப் போட்ட விளம்பரத் தளம்: ஒரு மதிப்பீடு

விடுமுறைக் கால வாடகை வீடுகளை விளம்பரப்படுத்தும் ஓர் இணையத் தளத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நான் அதில் வீடு தேடியவனும் அல்ல, விளம்பரம் கொடுத்தவனும் அல்ல. நுவரெலியாவில் அம்மா தனியாக வசிக்கும் எங்கள் வீடு எங்கள் அனுமதியின்றி அந்தத் தளத்தில் நாள் வாடகைக்கு விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. அதை நீக்குவதற்காகப் பதின்மூன்று நாட்கள் அவர்களுடன் போராடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பொலிஸ் விசாரணை முடியாததால் தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. மதிப்பெண் கொடுப்பதானால் 5க்கு 2 கொடுப்பேன்.

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா எப்படி இருக்கும் என்பது இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். புத்தாண்டு விடுமுறை, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நாடே மலையேறி வரும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. ஓர் அறை காலியாக இருந்தாலும் யாராவது வந்து கேட்பார்கள். மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதியான காலம் கிடையாது. ஏப்ரல் 12ஆம் திகதி மாலை ஆறரை மணியளவில் வவுனியாவிலிருந்து ஒரு வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளோடு சேர்த்துப் பதினொரு பேர். கூரையில் பாய்களும் ஒரு பெரிய சோற்றுப் பானையும் கட்டப்பட்டிருந்தன. அவர்களில் மூத்தவரான ஐயா இறங்கி வந்து, "அம்மா, இரண்டு நாளைக்குப் பணம் கட்டிவிட்டோம், திறப்பு உங்களிடம் இருக்கும் என்று சொன்னார்கள்" என்று கைத்தொலைபேசியை நீட்டியிருக்கிறார்.

அதில் முதலாவது படமாக இருந்தது எங்கள் வீட்டு முகப்பு. அம்மாவின் பூச்சட்டிகளும், மழைநீர் பிடிக்கும் நீலப் பீப்பாயும், ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த அப்பாவின் கைத்தடியும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. அப்பா காலமான பிறகு அந்தக் கைத்தடியை நாங்கள் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். அம்மா விளம்பரத்தில் இருந்த விலையையோ தொலைபேசி இலக்கத்தையோ பார்க்கவில்லை. அந்தக் கைத்தடியைத்தான் பார்த்திருக்கிறார். அன்றிரவு கொழும்பில் இருந்த எனக்குத் தொலைபேசியில் சொன்னதும் அதைத்தான்.

இருட்டிய பிறகு, அந்தக் குளிரில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள் என்று அம்மா அவர்களை உள்ளே அழைத்து, மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார். மறுநாள் காலை அவர்கள் சீதாஎலிய அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஊர் திரும்பினார்கள். முற்பணமாகக் கட்டிய 36,000 ரூபாய் இன்றுவரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் படங்கள் வெளியே போன வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. 2021இல் மேல்மாடியை வருட வாடகைக்குக் கொடுக்க எண்ணி, வேறொரு தளத்தில் ஏழு படங்களுடன் விளம்பரம் போட்டேன். இரண்டு மாதத்தில் ஓர் ஆசிரியை குடிவந்தார், விளம்பரத்தை நீக்கினேன். ஆனால் நான் நீக்குவதற்கு முன்பே படங்களை யாரோ பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். கூகுள் லென்ஸில் ஒவ்வொரு படமாகப் போட்டுத் தேடியபோது, அவற்றில் மூன்று வேறு இரண்டு விளம்பரங்களிலும் கிடைத்தன. ஒன்றில் எங்கள் வீடு பண்டாரவளையில் இருப்பதாக எழுதியிருந்தது.

இனி அந்தத் தளத்தின் நடைமுறைக்கு வருகிறேன். விளம்பரத்தின் கீழே முறைப்பாடு செய்வதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. 12ஆம் திகதி இரவே அதை அழுத்தி, 'மோசடி' என்ற காரணத்தைத் தெரிவு செய்து, விவரமாக எழுதினேன். உடனே தன்னியக்கப் பதில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நான்கு நாட்கள் எந்த அசைவும் இல்லை. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் புத்தாண்டு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டு விளம்பரத்தால் வருமானம் பெறும் நிறுவனத்துக்கு ஆண்டிலேயே வேலை கூடிய வாரம் அதுதான். அந்த வாரத்தில் முறைப்பாட்டைப் பார்க்க ஒருவரேனும் இருந்திருக்க வேண்டும். 14ஆம் திகதி இரண்டாவது குடும்பம் குருநாகலிலிருந்து வந்து நின்றது. அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் போதாமல், அடுத்த வீட்டுத் தம்பி வந்துதான் அவர்களுக்கு விளக்கினார்.

16ஆம் திகதி ஒருவழியாகப் பதில் வந்தது. வீடு எங்களுடையது என்பதை நிரூபிக்க உறுதியின் பிரதியும் தேசிய அடையாள அட்டையின் பிரதியும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அதே தளத்தில் விளம்பரம் போடுவதற்கு என்னென்ன தேவை என்று நானே ஒரு கணக்குத் திறந்து பார்த்தேன். ஒரு கைத்தொலைபேசி இலக்கமும், அதற்கு வரும் ஆறு இலக்கக் குறியீடும் இருந்தால் போதும். வீட்டுக்கும் விளம்பரம் செய்பவருக்கும் என்ன தொடர்பு என்று எந்தக் கட்டத்திலும் ஒரு கேள்வி இல்லை. யாருடைய வீட்டையோ வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்காத சான்றை, அந்த வீட்டுக்குள் குடியிருப்பவரிடம் கேட்கிறார்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்றையோ அண்மைய மின்கட்டணப் பட்டியல் ஒன்றையோ விளம்பரம் வெளியாகும் முன்பே கேட்டிருந்தால், அந்த வவுனியாக் குடும்பம் எங்கள் வாசலுக்கு வந்திருக்காது. அந்தச் சேவையில் நான் கண்ட குறைகளில் பெரியது இதுதான். ஏனையவை இதிலிருந்து பிறந்தவை.

இப்படியொரு சிக்கலில் மாட்டுகிறவர்கள் உறுதியின் முழுப் பிரதியை யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். நான் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும், தேவையற்ற இலக்கங்களை மறைத்து, "இந்த முறைப்பாட்டுக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதி அனுப்பினேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது என்றாலும், கைவிட்டுப் போன ஆவணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

அவற்றை அனுப்பிய பிறகும் விளம்பரம் நீங்கவில்லை. விளம்பரதாரர் தம் தரப்பைச் சொல்ல 72 மணித்தியாலம் அவகாசம் கொடுத்திருப்பதாக எழுதினார்கள். நியாயமான தகராறு ஒன்றில் இரு தரப்பையும் கேட்பது சரிதான். ஆனால் அந்த அவகாசம் ஓடும் வேளையில் விளம்பரத்தைத் தற்காலிகமாக மறைத்து வைப்பதில் யாருக்கு என்ன நட்டம்? அவர்கள் மறைக்கவில்லை. 18ஆம் திகதி மூன்றாவது குடும்பம் வந்தது.

பிறகு ஒரு நண்பர் சொன்ன வழி பலித்தது. அந்தப் படங்களை எடுத்தவன் நான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு நிழற்படத்தின் பதிப்புரிமை, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, அதை எடுத்தவருக்குரியது. ஆகவே 20ஆம் திகதி மோசடி என்ற பேச்சையே விட்டுவிட்டு, தளத்தின் அடியில் இருந்த பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, என் கைத்தொலைபேசியில் இருந்த மூலப் படங்களைத் திகதியுடன் இணைத்தேன். மறுநாள் மதியத்துக்குள் விளம்பரம் போய்விட்டது. மூன்று குடும்பங்கள் ஏமாந்ததற்கு ஒன்பது நாட்களாக அசையாதவர்கள், ஏழு படங்களுக்கு ஒரே நாளில் அசைந்தார்கள். எனக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான் என்பதால் சொல்கிறேன்.

நான் கொடுக்கும் இரண்டு மதிப்பெண்களில் ஒன்று இந்தப் படிவத்துக்கு. மற்றையது அவர்களுடைய தொலைபேசிச் சேவையில் பேசிய ஒரு பெண்ணுக்கு. 24ஆம் திகதி அதே படங்கள் வேறு தொலைபேசி இலக்கத்துடன் மீண்டும் தோன்றியபோது, மின்னஞ்சலை நம்பாமல் நேரே அழைத்தேன். அவர் தமிழில் பேசினார். என் பழைய முறைப்பாட்டைத் தேடி எடுத்து, முதலிலிருந்து கதை சொல்ல வைக்காமல், 25ஆம் திகதி காலையிலேயே அதையும் நீக்கச் செய்தார். அவருக்கு என் நன்றி. ஆனால் எழுத்தில் வந்த பதில்கள் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. விளம்பரம் போடுவதற்குத் தமிழ்ப் பக்கம் வைத்திருக்கிறார்கள். முறைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் மட்டும் பதில் எழுதுகிறார்கள். நான் கொழும்பில் இருந்து படித்துச் சொல்லாவிட்டால், அந்த வீட்டில் வசிக்கும் அம்மாவுக்குத் தன் முறைப்பாடு எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

மலையகத்துக்கு வர வீடு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முற்பணம் அனுப்புவதற்கு முன் காணொளி அழைப்பில் வீட்டின் வாசலிலிருந்து வீதி வரை காட்டச் சொல்லுங்கள்; மோசடிக்காரர் ஏதாவது காரணம் சொல்லி நழுவுவார். அந்த இடம் பதிவு செய்யப்பட்டதா என்று இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912 என்ற இலக்கத்தில் கேட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் அன்றே உங்கள் வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். வவுனியா ஐயா ஊருக்குப் போய் மூன்றாம் நாள்தான் வங்கிக்குப் போனார். அதற்குள் அந்தக் கணக்கில் பணம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

வாசல் கதவில் இப்போது மூன்று மொழிகளிலும் "இந்த வீடு வாடகைக்கு இல்லை" என்ற பலகை தொங்குகிறது. விளம்பரதாரரின் கணக்கு விவரங்களைப் பொலிசுக்குக் கொடுக்கும்படி நான் தளத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வந்தாலோ, விளம்பரம் போடுகிறவரிடம் ஒரு பற்றுச்சீட்டாவது கேட்கத் தொடங்கினாலோ, இந்த மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன்.