பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருப்பவரைப் பயிற்சிக்கு அழைக்கலாமா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி நடத்துகிறார் என் நண்பர். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பொங்கல் வரை அறை கிடைக்காது; சித்திரை பிறந்துவிட்டால் ஆள் வராது. இந்த ஆண்டு வெயில் மாதம் இரண்டிலும் ஒன்பது பேரையும் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். கூடவே ஒரு கேள்வி: "சும்மாதானே அண்ணே இருப்பார்கள்? அந்த நேரத்தில் பயிற்சி வைத்துவிட்டால் என்ன?"

அவரிடம் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பாதிச் சம்பளத்துக்குள்ளேயே பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். பயிற்சி எதுவும் வைக்காமல் ஆளை முழுதாக அவர் போக்கில் விட்டுவிடலாம். விருப்பப்பட்டவர் வரட்டும் என்று சொல்லலாம். பயிற்சி நேரத்துக்கு முழுக் கூலி கொடுத்து அழைக்கலாம். நான்கையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வழி நடந்த இடத்தில் வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நண்பர் கொடுக்கப்போவது கட்டாய விடுப்பு; அதாவது, வேலை போகவும் இல்லை, செய்ய வேலையும் இல்லை என்று ஆள் நடுவில் நிற்கிற நிலை. தொழிற்சாலைப் பேச்சில் லே-ஆஃப். கணக்கு முடித்து அனுப்பிவிடும் ஆட்குறைப்பு வேறு.

பாதிக்குப் பாதி என்ற கணக்கு

கட்டாயப் பயிற்சிக்கு ஆதரவாக முதலாளிகள் சொல்லும் வாதம் கேட்க நன்றாகவே இருக்கும். "எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய். நான் 200 கொடுக்கிறேன். அப்படியானால் நான்கு மணி நேரம் என்னுடையதுதானே?"

இந்தக் கணக்கில் அடிப்படையிலேயே பிழை இருக்கிறது. அந்த 200 ரூபாய் நேரத்துக்கான விலை கிடையாது. வேலை கொடுக்க முடியாமல் போனதற்கான இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி அதில் பாதி என்று வைத்தது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அதே பாதிதான். பழைய சட்டத்தின் விளக்கத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பலர் படிப்பதில்லை. காலையில் வந்த தொழிலாளியிடம் இப்போது வேலை இல்லை, இதே முறையின் பிற்பாதிக்கு வா என்று சொல்லி, அவரும் வந்து, அப்போதும் வேலை கொடுக்க முடியாமல் போனால், அந்த அரை நாளுக்கு அவருக்கு முழுக் கூலி உண்டு. வேலை செய்தாரா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. வரச் சொன்னார்கள், வந்தார், அந்த நேரம் அவருடையதாக இல்லை. கூலி கொடுக்க அது போதும்.

வெறுமனே காத்திருந்த அரை நாளுக்கே முழுக் கூலி என்றால், உட்காரவைத்துப் பாடம் நடத்திய அரை நாளைப் பாதிக்குள் அடக்குவது எந்த விதத்தில் நியாயம்?

இந்த இழப்பீட்டுப் பிரிவு சராசரியாக ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் போன்ற இடங்களுக்காக எழுதப்பட்டது. பருவத்துக்கு மட்டும் நடக்கும் தொழிலும் அதில் சேராது. ஒன்பது பேர் வேலை செய்யும் என் நண்பரின் விடுதியை அது தொடாது. அவர் பாதி கொடுப்பதே தன் மனசாட்சிக்காகத்தான். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் சட்டம் தொடாத இடத்திலும் அதன் நியாயம் பொருந்தும்.

2020-இல் நான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கில் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய அரசு போட்ட உத்தரவு மே 18 முதல் விலக்கப்பட்டது. ஜூன் மாதமே எங்கள் விடுதியில் சம்பளம் பாதியானது. ஜூலையில் பயிற்சி தொடங்கியது. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, மாலையில் இன்னும் ஒரு மணி நேரம், எல்லாம் கைப்பேசியில். கிருமிநாசினி தெளிப்பது, விருந்தினரை ஆங்கிலத்தில் வரவேற்பது, அறையைப் படம் எடுத்துக் காட்டுவது. வராதவருக்கு அன்றைய பாதியும் கிடையாது.

அறை துப்புரவு செய்யும் அக்கா ஒருவர் பக்கத்து ஊராட்சியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வீட்டில் ஒரே கைப்பேசி. ஒன்பது மணிக்கு மகளுக்கும் அதில்தான் வகுப்பு. அலைவரிசை திண்ணையில் மட்டும் கிடைக்கும் என்பதால் வெயில் ஏறும்வரை திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மகள் பக்கத்தில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு எப்போது கைப்பேசி வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு முகமும் என் திரையில் தெரியும். ஒரு நாள் அவர் என்னை அழைத்து, "தம்பி, நூறு நாள் வேலைக்குக் காலையிலேயே பேர் கூப்பிட்டுவிடுகிறார்கள். இந்தப் பாடத்தை மத்தியானத்துக்கு மாற்றக் கூடாதா?" என்று கேட்டார்.

நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த நாள் கூலி 256 ரூபாய். எங்கள் விடுதி கொடுத்த பாதி 200. காலையில் இரண்டு மணி நேரப் பயிற்சி அந்த 256-ஐத் தட்டிப் பறித்துவிட்டது. நான் மேலே கேட்டேன், நேரம் மாறவில்லை. அவர் பதினொரு நாள் பயிற்சியை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பதினொரு நாளுக்கும் பதிவேட்டில் என் கையால் குறுக்குக்கோடு போட்டேன். 2,200 ரூபாய் பிடித்தம். அந்தக் கோடுகளைப் போட்டிருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் பயிற்சி வேறு உருவம் எடுத்தது. பழைய விருந்தினர் பட்டியலைப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கு இருபது பேரிடம் பேசி நலம் விசாரிக்கச் சொன்னார்கள். "தொடர்புத்திறன் பயிற்சி" என்று பெயர். விடுதி திறந்ததும் வந்த முதல் முன்பதிவுகளில் சில அந்த அழைப்புகளால் வந்தவை. கட்டாயப் பயிற்சியில் எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். கூலி இல்லாத நேரம் கையில் இருந்தால், பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் வேலியை முதலாளிதான் நகர்த்துவார்.

விட்டுவிடுவதும் விருப்பத்துக்கு விடுவதும்

முழுதாக விட்டுவிடுவது எளிய வழி. அமெரிக்க மத்திய அரசில் வரவுசெலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அலுவலகங்கள் மூடப்படும்போது, விடுப்பில் அனுப்பப்பட்ட ஊழியர் சம்பளமில்லாமல் தானாக முன்வந்துகூட வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அப்படித்தான் நடந்தது. கண்டிப்பான முறை, யாரும் யாரையும் நைசாக வேலை வாங்க முடியாது. ஆள் தன் நாளைத் தானே ஆளலாம்: கூலிக்குப் போகலாம், வயலைப் பார்க்கலாம், பிள்ளையோடு இருக்கலாம். செட்டிநாட்டில் இரண்டு மாதத்துக்கு இந்த வழியே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் நீண்டால் கைப்பழக்கம் தேயும், திரும்பி வரும்போது இடமே புதிதாகத் தெரியும். அதுதான் இதன் குறை.

விருப்பப்பட்டவர் வரலாம் என்பது காகிதத்தில் மிக அழகாக இருக்கும். நடைமுறையில், யார் வந்தார்கள் என்று குறித்துவைக்கும் நோட்டு ஒன்று இருக்கும்வரை அது விருப்பம் ஆகாது. எங்கள் ஊர்களில் முதலாளியும் வேலையாளும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்கிறவர்கள். "முடிந்தால் வாம்மா" என்று சொன்னாலே அது வரச் சொன்னதுதான். வேலை திரும்பக் கிடைக்குமா என்ற பயத்தில் இருப்பவர், வரவில்லை என்று எப்படிச் சொல்வார்?

அமெரிக்கக் கூலிச் சட்ட விதிகளில் இதற்கு நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது. பயிற்சி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடாமல் விட வேண்டுமானால் நான்கும் பொருந்த வேண்டும்: வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், வருகை உண்மையாகவே விருப்பமாக இருக்க வேண்டும், பார்க்கிற வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் வேலை எதுவும் வாங்கக் கூடாது. எங்கள் விடுதியின் பாடங்களை இதில் உரசிப்பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. வேலை சம்பந்தப்பட்ட பயிற்சி என்றாலே மூன்றாவது நிபந்தனை போய்விடுகிறது. சமையல்காரர் தானாகக் கணினி கற்றுக்கொள்ள விரும்பி, அதற்கு முதலாளி கட்டணம் கட்டினால் அது வேறு; அதை வரவேற்கிறேன்.

கூலி கொடுத்துக் கற்பிப்பது

பிரிட்டன் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் 30 வரை நடத்திய வேலை காப்புத் திட்டம் எனக்குப் பிடித்த உதாரணம். தொடக்கத்தில் அரசே சம்பளத்தில் 80 விழுக்காடு, மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. விடுப்பில் இருப்பவரை நிறுவனத்துக்கு வருமானம் வரும் வேலை எதிலும் ஈடுபடுத்தக் கூடாது. பயிற்சி கொடுக்கலாம். ஆனால் நிறுவனம் சொல்லிச் செய்யும் பயிற்சி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியாவது கிடைத்தாக வேண்டும். அரசுப் பணம் அந்த அளவை எட்டாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வேறொரு முதலாளியிடம் வேலை பார்க்கவும் தடை இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்கு இந்த இரண்டும் இருந்திருந்தால் 2,200 ரூபாய் போயிருக்காது.

வேலை குறையும்போது ஆளை அனுப்பாமல் நேரத்தைக் குறைக்கும் ஜெர்மனியின் குறுகிய நேர வேலைத் திட்டத்தில், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு ஊழியருக்குக் கிடைக்கும், பிள்ளை இருந்தால் 67. முதலாளி 120 மணி நேரத்துக்கு மேற்பட்ட அங்கீகரித்த பயிற்சி கொடுத்தால் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பில் பாதியை அரசு திருப்பித் தந்தது. ஓய்ந்த காலத்தில் கற்பிக்கும் செலவை அங்கே நாடும் சேர்ந்து சுமந்தது. நம் புதிய சட்டத்தொகுப்பிலும் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது: ஆட்குறைப்புக்கு ஆளானவருக்குப் பதினைந்து நாள் சம்பளம். வேலை போன பிறகு வரும் பணம் அது. வாசலில் காத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. இது எனக்கு வருத்தம்.

இத்தனைக்கும், கூலி கொடுத்துக் கற்பிப்பது செட்டிநாட்டுக்குப் புதியது கிடையாது. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார். கற்றதெல்லாம் கடையில் இருந்த காலத்தில். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊருக்கு வந்த நாள்கள் அவருடையவை.

இதை ஆத்தங்குடியில் பூ வேலைப்பாட்டுத் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி மழையில் வெயில் இல்லாமல் பூக்கல் காய்வது தாமதமாகும், வேலை பாதியாகிவிடும். அங்கே ஒரு பையனுக்கு அச்சுத் தூக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பலகையைத் துணியால் துடைத்து, மேலே சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை நேர் செங்குத்தாக எடுக்க வேண்டும். மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரச் சாந்து போட்டுச் சமப்படுத்துவது சுலபம், அச்சுதான் கஷ்டம். பையன் எடுத்ததில் ஆறு கல்லில் நான்கு கலங்கின. பட்டறைக்காரர் கலங்கியதை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்த பலகையை நீட்டினார். கூலி எப்படி என்று கேட்டேன். "வந்த நேரத்துக்குக் கூலி உண்டு. உடைந்தது என் கணக்கு" என்றார். கைப்பேசித் திரையில் இதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது.

"சின்ன முதலாளிக்கு இது கட்டுப்படியாகுமா?" என்று நண்பர் கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாள் கூலி 400. வீட்டில் இருக்கும் நாளுக்கு 200. அரை நாள் பயிற்சிக்கு அழைத்தால், அந்த அரைக்கு முழுக் கூலி 200, மீதி அரைக்குப் பாதியாக 100, மொத்தம் 300. ஆக, ஒருவருக்கு ஒரு பயிற்சி நாளில் கூடுதல் செலவு 100 ரூபாய். ஒன்பது பேருக்கு மூன்று அரை நாள் என்றால் 2,700. இரண்டு மாதம் தினமும் பயிற்சி வைக்க நினைத்திருந்தவர், எதை உண்மையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் யோசித்தார். தீயணைப்புக் கருவி, புதிய முன்பதிவு முறை, சமையலறைச் சுத்தம். மூன்று அரை நாளே போதும் என்றார். கூலி கொடுத்தாக வேண்டும் என்றால்தான் தேவையில்லாத பயிற்சி உதிர்கிறது.

நேரத்தை ஒன்பது பேரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். எட்டுப் பேர் மாலை நான்கு மணிக்கு ஒத்துக்கொண்டார்களாம். சமையல்கட்டில் இருப்பவர் மட்டும், தனக்குப் பயிற்சி வேண்டாம், இரண்டு மாதமும் திருப்பூரில் அண்ணன் கடையில் நிற்கப்போகிறேன், திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்கள்?"

"இருக்கும் என்றேன்."

"எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.